முதுகில் பத்துக் கிலோ ஏறும் முன்பு



ஒவ்வோர் ஆண்டும் பள்ளி விடுமுறை நெருங்கும்போது சீருடை இயக்கங்களின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும்: ‘காட்டு முகாம். இரண்டு நாள், ஓர் இரவு.’ பெயர் கொடுத்தவர்கள் மறுநாளே என்னிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி, “டீச்சர், என்ன பை வாங்குறது?” என்பதுதான். பெயர் கொடுக்காத சிலருக்கும் அதே பைதான் காரணம். கடையில் 300, 400 ரிங்கிட் விலைச்சீட்டைப் பார்த்திருப்பார்கள். வீட்டில் கேட்க மனம் வராது. “எனக்கு மலையெல்லாம் பிடிக்காது டீச்சர்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஆகவே இந்த வாரம் அந்தப் பையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அந்த விலையில் எந்தப் பகுதி உங்கள் முதுகுக்கு உண்மையிலேயே உதவுகிறது, எது இல்லாமலும் சமாளிக்கலாம் என்பதற்கான பெரும்பாலான பதில்கள், நீங்கள் படிவம் இரண்டில் படித்த விசை, அழுத்தம் ஆகியவற்றுக்குள்ளேயே இருக்கின்றன.

எடை முதலில், பை பிறகு

பலர் பையை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பொருள்களைத் தேடுகிறார்கள். இது தலைகீழ். பெரிய பை கையில் இருந்தால் அதை நிரப்பாமல் மனம் விடாது. முதலில் எடுத்துச் செல்லப்போகும் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். பிறகு அது எத்தனை லிட்டர் பைக்குள் அடங்கும் என்று பாருங்கள். ஓர் இரவுக்கு 35 முதல் 45 லிட்டர் போதும். இரண்டு, மூன்று இரவுகள் என்றால் 50 முதல் 60 லிட்டர். அதற்கு மேல் உங்கள் வயதில் தேவையில்லை.

எடைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு, உடல் எடையில் 20 சதவீதம். நீங்கள் 50 கிலோ என்றால் 10 கிலோ. அது உச்சம்தான், முதல் பயணத்துக்கு 7, 8 கிலோவில் நிறுத்திக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கில் தண்ணீரும் வெறும் பையும் சேர்ந்தவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2 லிட்டர் தண்ணீர் 2 கிலோ. சட்டமும் இடுப்புப் பட்டையும் உள்ள பை காலியாகவே ஒன்றரைக் கிலோ இருக்கும். பத்தில் மூன்றரை போய்விட்டது. மீதமுள்ள ஆறரைக் கிலோவுக்குள்தான் துணி, உணவு, படுக்கை, விளக்கு எல்லாம். வீட்டுத் தராசில் பையுடன் ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்துப் பாருங்கள். கடைசி நேரத்தில் அம்மா திணிக்கும் மைலோ டின்னையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

10 கிலோ எப்போது 60 கிலோ ஆகிறது?

பையின் எடை மட்டுமே பிரச்சினை அல்ல, அந்த எடை எங்கே தொங்குகிறது என்பதும்தான். 10 கிலோ பையைப் புவி கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 100 நியூட்டன். அந்தப் பையின் ஈர்ப்பு மையம் உங்கள் முதுகெலும்பிலிருந்து 20 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்களைப் பின்பக்கம் சாய்க்கப் பார்க்கும் திருப்புத்திறன் 100 x 0.2 = 20 நியூட்டன் மீட்டர். கனமான பொருள்களை வெளிப்புறப் பாக்கெட்டில் வைத்து, தோள்பட்டையையும் தளர்வாக விட்டால் அந்த 20 செ.மீ. எளிதில் 30 ஆகிவிடும். எடை அதேதான். திருப்புத்திறன் மட்டும் ஒன்றரை மடங்கு.

இதைச் சமன்செய்ய உடல் என்ன செய்கிறது? ஒன்று, நீங்கள் முன்னால் குனிகிறீர்கள். இல்லையென்றால் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். உடலின் தசைகள் எலும்புக்கு மிக அருகில், ஏறக்குறைய 5 செ.மீ. தொலைவிலேயே இழுப்பவை. குட்டையான நெம்புகோல் என்பதால் விசை பெரிதாகத் தேவைப்படும். 20 நியூட்டன் மீட்டரைச் சமன்செய்ய 5 செ.மீ. தொலைவில் 400 நியூட்டன் வேண்டும். 30 நியூட்டன் மீட்டருக்கு 600 நியூட்டன். அதாவது, தவறாக அடுக்கிய 10 கிலோ பைக்காகத் தசைகள் 60 கிலோவைத் தூக்கும் அளவுக்கு இழுக்கின்றன. நடைமுறையில் நீங்கள் குனிந்து இதில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வீர்கள். ஆனால் நான்கு மணி நேரம் குனிந்தே நடந்தால் கழுத்து என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிப் பையோடு தினமும் பார்ப்பதுதானே.

ஆகவே அடுக்கும் விதி இதுதான். இலேசான, இரவில் மட்டும் தேவைப்படும் படுக்கைத் துணி அடியில். தண்ணீர், அரிசி, கூடாரம் போன்ற கனமானவை நடுப்பகுதியில், முதுகை ஒட்டி. துணிமணிகள் அவற்றைச் சுற்றி. மழைக்கோட்டு, விளக்கு, முதலுதவிப் பெட்டி மேலே, சட்டென்று எடுக்கும்படி. வேர்களும் வழுக்குப் பாறைகளும் நிறைந்த பாதை என்றால் கனத்தை இன்னும் சற்றுக் கீழே இறக்கலாம், நிலைத்தன்மை கூடும். வெளியே குவளை, செருப்பு, சட்டி என்று தொங்கவிட்டுக் கோயில் திருவிழாக் கடைபோல் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் அடிக்கும் அவை ஊசலாடும். ஒவ்வோர் ஊசலையும் உங்கள் தசைதான் நிறுத்துகிறது.

இடுப்புப் பட்டைக்குத்தான் காசு

இப்போது அழுத்தத்துக்கு வருவோம். 100 நியூட்டன் முழுவதும் இரண்டு தோள்பட்டைகளில் இறங்குகிறது. பட்டை 5 செ.மீ. அகலம், தோளில் 8 செ.மீ. நீளத்துக்குப் படிகிறது என்றால் மொத்தப் பரப்பு 80 சதுர செ.மீ. அழுத்தம் 12.5 கிலோபாஸ்கல். மருத்துவமனையில் இரத்த அழுத்தம் அளக்கும் அலகில் சொன்னால் ஏறத்தாழ 94 மில்லிமீட்டர் பாதரசம். பட்டை 2 செ.மீ. மட்டுமே என்றால் அதே கணக்கில் 230-ஐத் தாண்டும். நம் இரத்த அழுத்தத்தின் வழக்கமான மேல் எண் 120-ஐ ஒட்டியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பட்டைப் பையைச் சுமந்தால் ஏன் விரல் மரத்துப்போகிறது என்பது புரியும். இது தோராயக் கணக்குத்தான். உண்மையில் எடை சமமாகப் பரவாது, சில இடங்களில் இன்னும் மோசமாக இருக்கும்.

இதற்கான தீர்வை உலகின் பல பகுதி மக்கள் பலவாறு கண்டிருக்கிறார்கள். நம் காடுகளில் பூர்வகுடியினர் சுமக்கும் பிரம்புக் கூடையான அம்போங், முதுகோடு ஒட்டி நிற்கும்படி பின்னப்பட்டது. நேப்பாளச் சுமைதூக்கிகள் நெற்றியில் பட்டை போட்டுச் சுமக்கிறார்கள்; அவர்களில் ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதம் சுமந்து மலையேறுவதை 2005-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது. சிறு வயதிலிருந்தே பழகியவர்கள் அவர்கள். முயன்று பார்க்க வேண்டாம். நம் தோட்டப்புறத்துத் தாத்தா பாட்டிகள் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் வைத்து நடந்ததும் திருப்புத்திறன் பாடம்தான்: இருபுறமும் சமமாக இருந்தால் உடல் சாய வேண்டியதில்லை.

இன்றைய மலையேற்றப் பைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் அமெரிக்கர் டிக் கெல்ட்டி. 1952-இல் கலிபோர்னியாவில் தம் வீட்டிலேயே அலுமினியச் சட்டம் வைத்த பைகளைச் செய்யத் தொடங்கினார். தைத்தவர் அவர் மனைவி நேனா. பையின் எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றும் பட்டை அந்தப் பைகளால்தான் பரவலாக அறிமுகமானது. இடுப்பெலும்பு அகலமானது, தொடையின் பெரிய தசைகளுக்கு நேர் மேலே இருப்பது. சுமையை அங்கே இறக்கினால் முதுகெலும்பைத் தாண்டிப் போகலாம். 80 சதவீத எடையும் இடுப்புக்குப் போய்விடும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அவ்வளவு இல்லாவிட்டாலும் வித்தியாசத்தை முதல் நிமிடத்திலேயே உணர்வீர்கள். என்னைக் கேட்டால், பணம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். பத்துப் பாக்கெட்டுக்கோ கண்ணைப் பறிக்கும் வண்ணத்துக்கோ அல்ல.

ஆனால் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டுமே! பையின் அளவு உங்கள் உயரத்தைப் பொறுத்ததல்ல, முதுகின் நீளத்தைப் பொறுத்தது. நண்பரிடம் தையல் நாடாவைக் கொடுங்கள். தலையைக் குனியுங்கள், கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். அது ஏழாவது கழுத்தெலும்பு. பிறகு இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிக் கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டுங்கள். கழுத்தெலும்பிலிருந்து கட்டைவிரல்கள் சந்திக்கும் கோடு வரை அளந்தால் அதுதான் உங்கள் முதுகு நீளம். ஒரே உயரமுள்ள இருவருக்கு இது 4, 5 செ.மீ. வேறுபடலாம். வகுப்பிலேயே செய்து பாருங்கள்.

கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்ப்பதால் எந்தப் பயனும் இல்லை. உள்ளே 6, 7 கிலோ வைக்கச் சொல்லுங்கள். முதலில் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள், பிறகு தோள்பட்டை, பிறகு மார்புப் பட்டை. தோள்பட்டைக்கும் தோளுக்கும் நடுவே விரல் எளிதாக நுழைந்தால் எடை இடுப்பில் இருக்கிறது என்று பொருள்.

300 ரிங்கிட் இல்லையா?

பண்டல் கடைகளில் நல்ல பைகள் கிடைக்கின்றன. வாங்கும்போது வண்ணத்தைப் பார்க்காமல், தோள்பட்டை பையோடு சேரும் தையலை இழுத்துப் பாருங்கள், கொக்கிகளை நான்கைந்து முறை மாட்டிக் கழற்றுங்கள், உள்பக்கத்தைத் தடவுங்கள். பிசுபிசுத்தாலோ தோல்போல உரிந்தாலோ நீர்புகாப் பூச்சு கெட்டுவிட்டது. அதற்காகப் பையை ஒதுக்க வேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள். பெரிய கருப்புக் குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, பொருள்களை அதனுள் அடுக்கி வாயை முறுக்கிக் கட்டினால் மழை உள்ளே வராது. வெளியே போர்த்தும் உறையைவிட இது மேல். உறை முன்பக்கத்தை மட்டுமே மூடும்; உங்கள் முதுகு வழியாக வழியும் நீரை அது என்ன செய்யும்?

பள்ளிக்குக் கொண்டுபோகும் பை 30 லிட்டருக்கு மேல் இருந்தால் ஓர் இரவுக்கு அதுவே போதும். சட்டம் இல்லாத பை தொய்ந்து பின்னால் சாயும் என்பதுதான் குறை. படுக்க எடுத்துச் செல்லும் நுரைப் பாயைச் சுருட்டி, பைக்குள் உருளைபோல நிற்க வைத்து விரியவிடுங்கள். பொருள்களை அந்த உருளைக்குள் போடுங்கள். தட்டைத் தாள் தானாக நிற்காது, சுருட்டினால் நிற்கும் அல்லவா? அதே தத்துவம். மலையேறுவதில் அனுபவப்பட்டவர்களே எடையைக் குறைக்க இதைச் செய்கிறார்கள். கூடாரம், அடுப்பு, பானை மூன்றையும் குழுவாகப் பங்கிட்டுச் சுமந்தால் ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதும் குறையும், சுமக்க வேண்டியதும் குறையும்.

அண்ணனின் பழைய காலணி

பையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். “எங்கண்ணன் பூட்ஸ் அலமாரியில புதுசு மாதிரியே இருக்கு” என்று யாராவது சொன்னால் உடனே கொண்டுவரச் சொல்வேன். பல மலையேற்றக் காலணிகளின் நடு அடிப்பாகம் பாலியுரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள நீராவி அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கிறது. வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் நாட்டில், மூடிய அலமாரிக்குள் அது விரைவாகவே நடக்கும். போடாமல் வைத்திருந்தால் கெடாது என்று நினைக்காதீர்கள். வெளியே பளபளப்பாகத் தெரியும் காலணி, காட்டுக்குள் இரண்டாம் மணி நேரத்தில் அடிப்பாகம் கேக்குபோல் உதிர்ந்து வாயைப் பிளக்கும். முகாமுக்கு ஒரு வாரம் முன்பே கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். விரிசல் விட்டாலோ பொடி உதிர்ந்தாலோ குப்பைக்குத்தான்.

பதிலுக்கு என்ன போடலாம்? மலேசியாவில் இதற்கு ஒரு புகழ்பெற்ற விடை உண்டு: ‘அடிடாஸ் கம்போங்’. பெயரில்தான் அடிடாஸ். ஒரே வார்ப்பில் செய்த கருப்பு ரப்பர் காலணி, அடியில் சிறு முட்கள், பால்மரம் வெட்டுபவர்களின் காலில் நீங்கள் பார்த்திருக்கலாம். ஒட்டிய பாகம் இல்லாததால் பிய்ந்துபோக எதுவுமில்லை. ஆற்றில் இறங்கி ஏறினால் தண்ணீரைக் கொட்டிவிட்டு நடக்கலாம். மலிவு, இலேசு. காலில் கூடும் ஒவ்வொரு கிலோவும் முதுகில் ஏறத்தாழ ஐந்து கிலோ கூடியதற்குச் சமமான ஆற்றலைச் செலவழிக்க வைக்கும். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி முன்னால் வீச வேண்டுமே. குறையும் உண்டு: உள்ளே மெத்தை இல்லை, நீண்ட இறக்கத்தில் விரல் நுனி நோகும். ஒரு எண் பெரிதாக வாங்கி, தடித்த காலுறை போடுங்கள். காலுறைக்குள் காற்சட்டை நுனியைச் செருகினால் அட்டையும் எளிதில் ஏறாது. குனோங் நுவாங்கில் ஒரு முகாமின் பெயரே கேம் பச்சாட், அட்டை முகாம்! அப்படியே கடித்தாலும் இழுத்துப் பிய்க்காமல், உறிஞ்சும் வாயின் ஓரத்தில் நகத்தை நுழைத்து நகர்த்துங்கள். இரத்தம் சற்று நேரம் வடியும். அட்டையின் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத ஹிருடின் இருப்பதால் அப்படி, பயப்பட வேண்டாம்.

வியர்வையும் சட்டையும்

குனோங் நுவாங் 1,493 மீட்டர். அடிவாரத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் ஏற வேண்டும். நீங்களும் பையும் சேர்த்து 60 கிலோ என்றால் செய்ய வேண்டிய வேலை 60 x 10 x 1,300 = 780 கிலோஜூல். நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மற்ற மூன்று பங்கு, அதாவது 2,300 கிலோஜூலுக்கு மேல், வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஏற்றத்துக்கு மட்டும் ஒரு லிட்டர் வியர்வை! ஆனால் காட்டுக்குள் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. வியர்வையில் பாதி ஆவியாகாமல் சொட்டிவிட்டால் அந்தச் சொட்டு உங்களைக் குளிர்விக்காது. உடல் இன்னும் அதிகமாக வியர்க்கும். அதனால்தான் இரண்டு லிட்டர் தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது என்கிறேன். தலை சுற்றல், வாந்தி, குழப்பமான பேச்சு தெரிந்தால் அது ‘களைப்பு’ அல்ல, வெப்பத் தாக்கு. உடனே நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, உடலை நனைத்து விசிறிக்கொண்டே பொறுப்பாசிரியரை அழையுங்கள்.

நடக்கும்போது பருத்தி வேண்டாம், குறிப்பாக ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நீரைத் தன் இழைக்குள்ளேயே உறிஞ்சிக்கொண்டு காயாமல் கிடக்கும். பாலியெஸ்டர் இழை ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது. பள்ளி விளையாட்டுச் சட்டை போதும். மேலே போகப் போக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். ஈரச் சட்டையோடு மலைக்காற்றில் உட்கார்ந்தால் நம் நாட்டிலும் நடுங்கலாம். ஆகவே இரவுக்கென ஓர் உலர்ந்த சட்டையைத் தனியாகக் கட்டி வையுங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் தொடாதீர்கள். தாழ்நிலக் காட்டுக்கு விலை உயர்ந்த உறங்குபை தேவையில்லை. ஒரு கைலி போதும்: போர்வை, துண்டு, உடை மாற்றும் திரை எல்லாம் அதுவே.

ஆற்று நீர் தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே குடிக்க வேண்டாம். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா பாக்டீரியா மிக மெல்லிய திருகு வடிவம் கொண்டது, 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியின் துளைகளிலும் அது நுழைந்து போகக்கூடும். வடிகட்டினாலும் ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். அடுப்பைக் கூடாரத்துக்குள் மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. கூடாரத்தையும் ஆற்றங்கரையில் போடாதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே கெப்பாலா ஆயேராகப் பாய்ந்து வரும். 2021 ஆகஸ்டில் கெடாவின் குனோங் ஜெராய் பகுதியில் அது உயிர்களைப் பறித்தது.

விளக்கு தலையில் மாட்டும் வகையாக இருக்கட்டும். இரு கைகளும் சும்மா இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக இறங்குவதால் அந்தி அரை மணி நேரம்கூட நீடிக்காது. காட்டுக்குள் இன்னும் சீக்கிரம் இருட்டிவிடும். மாற்று மின்கலமும் கழுத்தில் ஓர் ஊதலும் கட்டாயம். தொண்டை கட்டும் வரை கத்துவதைவிட ஊதல் அதிக தூரம், அதிக நேரம் கேட்கும். உணவில் எடைக்கேற்ற ஆற்றலைப் பாருங்கள். 100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 570 கலோரி, ஆப்பிளில் 52. நெத்திலியும் கடலையும் சேர்த்து வறுத்து ஒரு டப்பாவில் கொண்டுபோனால் வியர்வையில் போன உப்பும் திரும்பும்.

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். பைக்குள் பொருள்களுக்குப் பதிலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்குங்கள். ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ என்பதால் தராசே வேண்டாம். முதல் நாள் மூன்று போத்தல், நான்கு நாள் கழித்து ஐந்து. முகாமில் போடப்போகும் அதே காலணியோடு, பக்கத்து அடுக்குமாடியின் பத்து மாடியைப் படியில் ஏறுங்கள். அது ஏறக்குறைய 30 மீட்டர். குனோங் நுவாங்கின் ஏற்றம் அதைப்போல நாற்பது மடங்குக்கு மேல். எந்த இடத்தில் பட்டை உரசுகிறது, எந்த விரல் நோகிறது என்று குறித்து வையுங்கள். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அடி அதிகம் என்பதால், மேலே போனதும் யார் வீட்டுப் பூந்தொட்டிக்காவது தண்ணீரை ஊற்றிவிட்டு, வெறும் போத்தல்களோடு இறங்கி வாருங்கள்.